விரக்தியும் அதன் உடன்பிறப்பும்



உணர்வுச் சொற்களின் பொருள் மாற்றம் என்று இந்தக் கருத்தரங்கின் தலைப்பை அறிவித்திருக்கிறீர்கள். நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். நாணம் இருக்கிறது, வெகுளி இருக்கிறது, பெருமிதத்தைப் பற்றியும் கட்டுரை இருக்கிறது. நம்பிக்கை இழந்தவரின் மனநிலையைச் சொல்லும் சொற்களை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளி ஆசிரியரும் மருத்துவரும் செய்தியாளரும் அன்றாடம் தடுமாறுவது அந்தச் சொற்களில்தான். ஆகவே வாழ்த்தும் நன்றியுமாகத் தலைமையுரையை முடித்துக்கொள்ளாமல், விரக்தி என்ற ஒரு சொல்லை எடுத்துப் பேச அனுமதி கேட்கிறேன்.

இன்றைய தமிழில் இந்தச் சொல் வரும் இடங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். 'வேலை கிடைக்காத விரக்தியில்', 'விரக்தியின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட', 'விரக்தியடைந்த விவசாயிகள்' என்று செய்தித்தாள் எழுதுகிறது. கதை எழுதுபவர்கள் 'விரக்தியாகச் சிரித்தான்' என்று எழுதுகிறார்கள். இந்தக் கடைசித் தொடரில் சற்று நிற்க வேண்டும். துக்கம் சிரிப்பதில்லை. பயமும் சிரிப்பதில்லை. 'சோர்வாகச் சிரித்தான்' என்று எழுதலாம். அப்போது சிரிப்பே வலுவிழந்துவிடுகிறது. விரக்திச் சிரிப்பில் வலு குறைவதில்லை, எதிர்பார்ப்புதான் இருப்பதில்லை. கேட்டது கிடைக்கவில்லை என்பதைத் தாண்டி, இனிக் கேட்கவேண்டியதும் ஒன்றுமில்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டவருக்கு வருகிற சிரிப்பு அது. இந்தச் சொல்லின் பழைய பொருள் இன்னும் முழுதாக அழியவில்லை என்பதற்கு அந்தச் சிரிப்பே எனக்குச் சான்று.

பழைய பொருள் என்ன? வடமொழியில் சாயம் ஏறுவதைக் குறிக்கும் வேர் ஒன்று உண்டு. ராகம், அனுராகம், ரக்தம் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. துணியில் சாயம் ஏறுவது மனம் ஒன்றில் ஒட்டுவதற்கும் பெயராயிற்று. அதனோடு 'வி' என்ற முன்னொட்டுச் சேர்ந்தால் ஏறிய சாயம் நீங்குகிறது, ஒட்டிய மனம் விடுபடுகிறது. விராகம், விரக்தி, வைராக்கியம் மூன்றும் இப்படிப் பிறந்தவை. மூன்றுக்கும் பற்றறுதல் என்பதே பொருள். தமிழ்ச் சமய நூல்களில் விரத்தி, விரத்தர் என்ற வடிவங்களைக் காணலாம். விரத்தர் என்றால் துறவி. கன்னட நாட்டு வீரசைவ மடங்களில் ஒரு வகைக்கு விரக்த மடம் என்றே பெயர்.

பட்டினத்தார் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். கடல் வாணிகத்தில் குறையொன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த பேழையில் இருந்த காதறுந்த ஊசியைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார் என்று கதை சொல்கிறது. அந்தக் காலத்து அளவுகோலில் அதற்குப் பெயர் விரக்தி. தோற்றவர் அடைவது என்ற எண்ணமே அதில் கிடையாது. வைத்திருந்தவர், வைத்திருந்ததை வேண்டாம் என்றார். துறவிக்கு வேந்தன் துரும்பு என்ற பழமொழியின் பின்னால் நிற்கும் நிமிர்வு அந்தச் சொல்லில் இருந்தது.

அந்த உயரத்திலிருந்து சொல் கீழே இறங்கிவிட்டது. இந்தியில் விரக்தி இன்றும் பெரும்பாலும் பற்றின்மையும் ஒட்டாமையும்தான். மலையாளத்தில் ஒன்றின் மேல் விருப்பமின்மை. உணவில்கூட விரக்தி வரலாம். தெலுங்குச் செய்தித்தாள்கள் தற்கொலைச் செய்திகளில் வாழ்க்கை மேல் விரக்தி கொண்டு என்ற தொடரை வழக்கமாகவே கையாளுகின்றன. இம்மொழிகளில் எதன் மேல் என்ற கேள்விக்கு இடம் இருக்கிறது. தமிழ் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. 'பையன் விரக்தியாக இருக்கிறான்' என்றால் எதன் மேல் என்று நாம் கேட்பதில்லை. பொருள் தேவைப்படாத ஒரு மனநிலையாக, அந்த மனிதரையே முழுவதும் போர்த்திய ஒன்றாகச் சொல் மாறிவிட்டது. துறவிக்கு இருந்த மாற்றும் அதில் இல்லை. துறவி ஒன்றை விட்டது வேறொன்றைப் பற்றுவதற்காக.

இனி உடன்பிறப்பைப் பார்ப்போம். வைராக்கியம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்து, அதே பொருளோடு, அதே சமய நூல்களின் வழியே தமிழுக்கு வந்தது. இன்று நம் வீடுகளில் அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது? 'அப்பன் இல்லாத பொண்ணு, வைராக்கியமாப் படிச்சு வேலைக்குப் போயிட்டா.' 'அவ வைராக்கியக்காரி, சொன்னாச் சொன்னதுதான்.' உறுதியும் பிடிவாதமும் விடாமுயற்சியும் ஒன்றாகச் சேர்ந்த சொல் அது. ஒரே கருவில் பிறந்த இரண்டு சொற்களில் ஒன்று நம்பிக்கை இழந்தவருக்குப் போயிற்று. மற்றொன்று எதற்கும் அசையாதவருக்குப் போயிற்று. தமிழ்ச் சொற்பொருள் வரலாற்றில் இதைவிட வியப்பான பிரிவை நான் கண்டதில்லை.

இந்தப் பிரிவு நேர்ந்த வழியை ஓரளவு காண முடிகிறது. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பேறுகால வலியில் இனி இது வேண்டாம் என்று தோன்றுவதும், சுடுகாட்டில் நிற்கும்போது இவ்வளவுதானா வாழ்க்கை என்று தோன்றுவதும் வீடு திரும்பியதும் மறைந்துவிடும். இந்த வழக்குகளில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது, பற்றறுதல்தான், ஆனால் நிற்காத பற்றறுதல். அடுத்த படி இது: 'அன்னைக்கு ஒரு சொல் சொன்னாங்க, அதுக்கப்புறம் வைராக்கியமா அந்த வாசப்படி மிதிக்கல.' இங்கும் ஒன்றை விட்டிருக்கிறார்கள். ஆனால் கவனம் விட்டதில் இல்லை, விட்டதைக் காப்பாற்றும் உறுதியில் இருக்கிறது. அதற்கு அடுத்த படியில் விட்ட பொருள் மறைந்துபோய் உறுதி மட்டும் மிஞ்சுகிறது. வைராக்கியமாகப் படித்த பெண் அங்கே வந்துவிடுகிறாள். வைரம் பாய்ந்த கட்டை என்கிறோமே, அந்த வைரமும் காதில் ஒலித்து இந்தப் பொருளுக்குத் துணை நின்றிருக்கும் என்பது என் கருத்து. வேரால் இரண்டுக்கும் உறவில்லை, பேசுகிறவர்களின் செவியில் உறவு உண்டு.

விரக்திக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அது செயலின் பெயராக இல்லாமல் நிலையின் பெயராக நின்றுவிட்டது. வைராக்கியத்தை ஒருவர் பிடிக்கிறார், கொள்கிறார், சாதிக்கிறார். விரக்தியை ஒருவர் அடைகிறார், அல்லது அதற்குத் தள்ளப்படுகிறார்.

நான் சொல்ல வந்த மையமான கருத்துக்கு இப்போது வருகிறேன். ஆசை நீங்குவதைக் குறித்த சொல், எப்படி நம்பிக்கை இழப்பைக் குறிக்கும் சொல்லாயிற்று? இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நம்பிக்கையின் அடிச்சொல்லையே பாருங்கள். தொல்காப்பிய உரியியல் நம்பு, மேவு என்ற இரண்டுக்கும் நசை என்று பொருள் சொல்கிறது. நசை என்றால் விருப்பம். பழந்தமிழில் ஒன்றை நம்புவது என்றால் அதை விரும்புவது. பிறகுதான் அது பிறர்மேல் வைக்கும் உறுதியும், வருங்காலத்தின்மேல் வைக்கும் எதிர்பார்ப்புமாக விரிந்தது. தமிழ் விவிலியத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்றும் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் நம்பிக்கை என்பது எதிர்நோக்கைத்தான் குறிக்கிறது. நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு என்னும்போது அது அவையின் ஆதரவு. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரு வாக்கில் இழந்தது அதைத்தான். ஒரே சொல் இத்தனை பொருளைத் தாங்குகிறது.

ஆசை என்ற சொல்லும் இப்படித்தான். வடமொழியிலும் இந்தியிலும் அது எதிர்பார்ப்பு, நல்லது வரும் என்ற நினைப்பு. தமிழில் அது விருப்பமாக மட்டும் நின்றது. ஆனால் நிராசை என்று சொல்லும்போது எதிர்பார்ப்புப் பொய்த்ததைத்தான் சொல்கிறோம். ஆக நம்பு, ஆசை, விரக்தி என்ற மூன்று சொற்களின் வரலாறும் ஒரே உண்மையைக் காட்டுகிறது. விரும்புவதும் நம்புவதும் மொழிக்குள் அண்டை வீட்டுக்காரர்கள். நம்பிக்கை போய்விட்டது என்று ஒருவர் சொல்லும்போது போனது தன் திறமை பற்றிய மதிப்பீடு மட்டும்தானா, வேண்டும் என்ற நினைப்பா என்று நாம் கேட்டாக வேண்டும்.

திறமை பற்றிய மதிப்பீடு குலைவதற்குத் தமிழில் வேறு சொற்கள் இருந்தன. திருக்குறளில் ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை அதிகாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே அசாவுதல், அல்லாத்தல், ஒல்குதல், அழிதல் என்று நான்கு வேறுபட்ட வினைகள் கிடைக்கின்றன. அல்லாத்தல் செல்வம் போனபோது கலங்குவது. ஒல்குதல் அடிபட்ட இடத்தில் தளர்வது. அம்பு தைத்தும் பெருமை குன்றாமல் நிற்கும் களிற்றை அங்கே வள்ளுவர் எடுத்துக்காட்டுகிறார். ஆள்வினையுடைமையின் முதற்குறளில் வருவது அசாவாமை. வேலை அரியது என்று மலைத்துப் பின்வாங்காதே என்பது கருத்து. அதற்குப் பரிமேலழகர் உரை எழுதும்போது, தம் சிறுமையை நோக்கி இது நம்மால் முடிவதற்கு அரியது என்று தளர்வதாக விளக்குகிறார். அந்தத் 'தம் சிறுமை நோக்கி' என்ற விளக்கத்தில் உரையாசிரியரின் மனநுட்பம் தெரிகிறது. அசாவுகிறவர் வேலையைப் பார்க்கவில்லை. வேலைக்குப் பக்கத்தில் தன்னை நிறுத்தி, தன் அளவைப் பார்க்கிறார். வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கிறது. ஆகுமா என்பதே ஐயம். புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன், நல்வினை செய்வோமா வேண்டாமா என்று ஐயம் தீராதவர்களைத் துணிவில்லாதவர்கள் என்று சொல்லி, யானை வேட்டைக்குப் போகிறவருக்கு யானை கிடைப்பதும் உண்டு, குறும்பூழ் வேட்டைக்குப் போகிறவர் வெறுங்கையோடு வருவதும் உண்டு என்கிறாரே, அவர் பேசுவதும் இத்தகைய மனத்தோடுதான்.

அசாவு இன்று வழக்கில் இல்லை. அசா என்னும் அடியோடு உறவுடையதாகக் கருதப்படும் அசதி மட்டும் இருக்கிறது. 'ஒடம்பு அசதியா இருக்கு' என்கிறோம். உடம்பின் களைப்பை வைத்துக்கொண்டு மனத்தின் களைப்பைக் கைவிட்டுவிட்டோம். அந்த இடத்தைப் பேச்சுத்தமிழ் வேறு விதமாக நிரப்பிக்கொண்டது: மலைச்சுப் போச்சு, துவண்டு போயிட்டா, ஒடுங்கிப் போயிட்டான், ஆடிப் போயிட்டேன், மனசு விட்டுப் போச்சு, வெறுத்துப் போச்சு. நகரத்துப் பிள்ளைகள் கான்ஃபிடன்ஸ் போயிடுச்சு என்கிறார்கள். எழுத்துத்தமிழோ இவை எல்லாவற்றையும் 'தன்னம்பிக்கை இழந்தார்', 'விரக்தி அடைந்தார்' என்ற இரண்டு தொடர்களுக்குள் அடக்கிவிட்டது. எனக்கு இதில் உள்ள வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. மலைத்தவருக்கும் வெறுத்தவருக்கும் ஒரே பெயர் வைத்தால் இருவருக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுப்போம்.

கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த மருந்தின் பெயர் 'உன்னால் முடியும்'. எம்.எஸ். உதயமூர்த்தியின் எழுத்துகள் ஒரு தலைமுறை இளைஞர்களை நிமிர்த்தின. 1988இல் கே. பாலசந்தர் இயக்கிய படத்துக்கு 'உன்னால் முடியும் தம்பி' என்றே பெயர். அதன் நாயகனுக்கு உதயமூர்த்தி என்று பெயர். அந்தச் சொற்களின் ஆற்றலை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலில் நின்று 'நம்மால ஆகுமா' என்று கேட்ட பிள்ளைகளுக்கு அதைவிடச் சரியான மறுமொழி கிடையாது. அசாவுக்கு அதுவே மறுமொழி. ஆனால் 'செஞ்சு என்ன ஆகப்போகுது' என்று கேட்பவருக்கு அது மறுமொழி ஆகாது. முடியும் என்பது அவருக்கும் தெரியும்.

இதை நான் நூலகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. சில காலம் கழித்து வட்டார வழக்குச் சேகரிப்புக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். ஒரு தோப்பில் கணவரும் மனைவியும் இருந்தார்கள். விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தியாகிவிட்டது. தூர் பறித்த பள்ளங்கள் வரிசை வரிசையாகக் கிடந்தன. அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி என்னோடு நன்றாகவே பேசினார். எந்த ரகம், எத்தனை மட்டை, எந்த வெட்டுக்கு எவ்வளவு காய் என்று அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. மறுபடி வைக்கப்போகிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். நான் சொன்னேனே, அந்தச் சிரிப்பு. "வச்சு என்னா சார் ஆவப்போவுது? நெட்டை காய்க்க ஆறேழு வருசம் ஆவும். அதுக்குள்ள இன்னொண்ணு வரும்" என்றார்.

அவருடைய மனைவி அந்த நேரத்தில் தோப்பின் கோடியில் குழி எடுத்துக்கொண்டிருந்தார். தென்னம்பிள்ளைகளை எங்கிருந்தோ வாங்கி வந்து கிணற்றடி நிழலில் வைத்திருந்தார். அவரிடம் கேட்டபோது, "எங்க மாமனாரு வச்ச தோப்பு சார். இது காடாக் கெடக்கிறதப் பாத்துட்டுச் சாவக் கூடாதுன்னு ஒரு வைராக்கியந்தான்" என்றார். ஒரே புயல், ஒரே குடும்பம், ஒரே தோப்பு. ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்களும் சில அடி தூரத்தில் எதிரெதிரே நின்றதை அன்று பார்த்தேன்.

அவர் கணவரிடம் ஒருமுறைகூட உங்களால் முடியும் என்று சொல்லவில்லை. குழியை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டிலிலிருந்து குரல் வந்தது: "அங்கன வேணாம். பக்கத்துக் குழிக்கு இருபத்தஞ்சு அடி வேணும். ஆழம் மூணு அடி வேணும்." கொஞ்ச நேரத்தில் எழுந்து போய், காலால் அடி அளந்து இடம் காட்டினார். அவர் குணமாகிவிட்டார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் வாயிலிருந்து அன்று முதன்முதலாக வந்த 'வேணும்' அது என்பதை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். முடியும் என்ற வினைக்கும் வேண்டும் என்ற வினைக்கும் உள்ள தூரத்தைத் தமிழ் இலக்கணம் நமக்குச் சொல்லித்தரும். அந்தத் தூரம் ஒரு மனிதருக்குள் எப்படி இருக்கும் என்று அந்தத் தோப்பில் தெரிந்துகொண்டேன்.

உளவியலாளர்களும் இதே பிரிவினையை வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதிய கட்டுரையில், இந்தச் செயலை என்னால் செய்ய முடியுமா என்ற எதிர்பார்ப்பையும், செய்தால் பலன் வருமா என்ற எதிர்பார்ப்பையும் தனித்தனியாகப் பிரித்தார். முன்னது இருந்தும் பின்னது இல்லாமல் ஒருவர் கைகட்டி உட்காரலாம் என்றார். அதற்குப் பத்தாண்டு முன்பே மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளில், தப்ப வழியில்லாத அதிர்ச்சியைத் தொடர்ந்து பட்ட நாய்கள், பிறகு வழி திறந்திருந்தபோதும் பெரும்பாலும் தப்ப முயலாமல் படுத்துக்கிடந்ததைக் கண்டார்கள். இந்நிலையைக் குறிக்கத் தமிழில் கையறுநிலை என்ற சொல்லை எடுத்தாளுவது எனக்கு உடன்பாடே. புலவர்கள் தம் வள்ளலை இழந்து பாடிய பாட்டுத்துறைக்கு வைத்த பெயர் அது. செய்ய எதுவும் இல்லாமல் கை ஓய்ந்த நிலை. ஆனால் விரக்தியும் கையறுநிலையும் ஒன்றாகா. கையறுநிலையில் புலம்பல் உண்டு, யாரை இழந்தோம் என்ற தெளிவு உண்டு. விரக்தியில் புலம்பல்கூட ஓய்ந்துவிடுகிறது.

இந்த வேறுபாடு ஆய்வரங்கத்தோடு முடிந்துபோகும் ஒன்றில்லை. மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் பி.எச்.கியூ.-9 என்ற கேள்விப்பட்டியலில் ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அதன் இரண்டாவது கேள்வி மனம் தாழ்ந்திருப்பது, சோர்ந்திருப்பது, நம்பிக்கையற்றிருப்பது என்ற மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறது. ஆங்கிலத்தில் அது எளிய பேச்சு. தமிழில் அதை ஒரு கிராமத்து அம்மாவிடம் கேட்கும் செவிலியர், நம்பிக்கை இல்லாமல் இருக்கிறீர்களா என்று கேட்டால், அந்த அம்மா யார்மேல் என்று திருப்பிக் கேட்பார். அல்லது கடவுள்மேல் நம்பிக்கை இருக்கிறது என்பார். நம்பிக்கை என்ற சொல் சுமக்கும் பொருள்களைச் சொன்னேன் அல்லவா, அவை எல்லாம் அந்த இடத்தில் குறுக்கே வந்து நிற்கும். 'எல்லாம் வெறுத்துப் போன மாதிரி இருக்கா, இனி என்ன இருக்குன்னு தோணுதா' என்று கேட்டால் கேள்வி போய்ச் சேரும். இந்த வேலையை மருத்துவர்கள் தனியாகச் செய்ய முடியாது. சொற்களின் புழக்கம் அறிந்தவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

செய்தித்தாள் மொழியைப் பற்றி இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்வு முடிவு வந்த அன்றே உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளையைப் பற்றி 'விரக்தியடைந்த மாணவர்' என்று எழுதுகிறார்கள். சொல்லின் புழக்கத்தை வைத்தே பாருங்கள். விரக்திக்குக் காலம் வேண்டும். பலமுறை முயன்று, பலமுறை பொய்த்து, ஆசை சிறிது சிறிதாகக் கழன்று வர வேண்டும். காலையில் முடிவு பார்த்த பதினேழு வயதுப் பிள்ளைக்கு மாலைக்குள் விரக்தி வராது. அந்தப் பிள்ளையிடம் இருந்தது அதிர்ச்சி, அவமானம், வீட்டில் என்ன சொல்வது என்ற பயம். இவை அனைத்தும் ஓரிரு நாளில் தணியக்கூடியவை. பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் கடந்திருக்கக்கூடியவை. அவற்றை விரக்தி என்று எழுதும்போது, நெடுநாள் யோசித்து எடுத்த முடிவு போன்ற தோற்றத்தை அந்தச் செயலுக்குக் கொடுத்துவிடுகிறோம். துறவியிடமிருந்து வந்த சொல் அல்லவா, ஒரு நியாயத்தின் சாயல் அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது. தற்கொலையை ஒற்றைக் காரணத்துக்குச் சுருக்கி எழுதக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019இல் அதையொட்டி நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. நெறிமுறைகள் பொதுவானவை. எந்தத் தமிழ்ச் சொல் இந்தப் பிழையைச் செய்கிறது என்று எடுத்துக்காட்ட வேண்டியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள்.

அகராதி வேலையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பிற்சேர்க்கையாகவும் வந்தது. வையாபுரிப் பிள்ளையும் அவருடைய குழுவினரும் இலக்கியத்தையும் கல்வெட்டையும் ஊர் வழக்கையும் துருவிச் சேர்த்த அந்த உழைப்புக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எழுத்திலும் பேச்சிலும் இன்று வாழும் சொல்லை அது வரும் வாக்கியத்தோடு காட்டும் வழக்கத்தை நமக்குத் தந்தது. உணர்வுச் சொற்களுக்கு இதற்கு மேலும் தேவைப்படுகிறது. யார் யாரைப் பற்றிச் சொல்கிறார், எந்த வினையோடு சேர்த்துச் சொல்கிறார், முயற்சிக்கு முன்பா, நடுவிலா, பின்பா என்பவை பதிவாக வேண்டும். மலைப்பு முன்பு வருவது. தளர்வும் துவளுதலும் நடுவில். விரக்தி பின்பு. தளர்வையே எடுத்துக்கொள்ளுங்கள்: குழந்தையின் தளர்நடை, கயிற்று முடிச்சின் தளர்வு, வேலைவாய்ப்பு அறிவிப்பில் வயது வரம்புத் தளர்வு, 2020இல் நாம் நாள்தோறும் கேட்ட ஊரடங்குத் தளர்வு எல்லாவற்றிலும் இறுகியிருந்தது நெகிழ்வதும், மீண்டும் இறுக வாய்ப்பிருப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. மனம் தளர்வதிலும் அந்த வாய்ப்பு உள்ளே இருக்கிறது. அபிராமி பட்டர் அம்மையிடம் பெறுவனவற்றை வரிசைப்படுத்தும்போது செல்வத்தையும் கல்வியையும் சொன்ன கையோடு தளர்வு அறியா மனத்தையும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சொல் இன்றும் உயிரோடிருக்கிறது. மேசைமேல் வைத்திருக்கும் விரக்தியை விட்டுவிட்டு, செய்தியாளர்கள் இதை எடுத்துக்கொண்டால் பாதிச் செய்திகள் இன்னும் உண்மையாக இருக்கும்.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் மலேசியாவிலும் விரக்தி, வைராக்கியம் என்ற இணை எப்படிப் புழங்குகிறது என்ற தரவு எனக்கு வேண்டும். இலங்கையிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் இரண்டாம் அமர்வில் பேசுகிறார்கள். உங்கள் கட்டுரைத் தலைப்பு வேறாக இருந்தாலும் கலந்துரையாடலில் இதற்குச் சில நிமிடம் ஒதுக்கித் தாருங்கள். 1950க்கு முன்பான வார இதழ்களின் தொடர்கதைகளில் 'விரக்தியாகச் சிரித்தான்' என்ற தொடரைத் தேடிப் பார்க்கும் பொறுப்பை ஆய்வு மாணவர் எவரேனும் ஏற்றுக்கொண்டால் என்னிடமுள்ள குறிப்புகளைத் தருகிறேன். மதிய உணவின்போது வந்து பேசுங்கள். இப்போது முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.